அப்பாவின் நடை

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

"காது எதற்காக இருக்கிறது?" என்று ஒரு சிறு பிள்ளையைக் கேட்டால், "கேட்பதற்கு" என்று உடனே பதில் வரும். இக்கல்வியாண்டின் தொடக்கத்தில் என்னைக் கேட்டிருந்தாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன். நடப்பதற்கும் காது வேண்டும் என்பதை நம் கல்லூரியின் விலங்கியல் வகுப்பறையில்தான் அறிந்தேன். புதிய செய்தியொன்றை அறிந்தால் மகிழ்ச்சி உண்டாவது இயல்பு. எனக்கோ அன்று வெட்கமே உண்டாயிற்று. அந்த வெட்கத்தைப் பற்றியும், அதற்குக் காரணமான என் தந்தையாரின் நடையைப் பற்றியும், செவிக்கும் நடைக்கும் உள்ள உறவைப் பற்றியும் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் ஊர் தஞ்சை மாவட்டத்தில், காவிரியின் கிளையாறு ஒன்றின் கரையிலுள்ள சிற்றூர். அப்பா விவசாயக் கூலி. மூன்றாம் வகுப்புக்கு மேல் படித்தவர் அல்லர். ஆனால் வயல் வேலையில் அவருக்கு ஈடு சொல்ல ஆள் கிடையாது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். ஓரடி அகலமே உள்ள வரப்பில், தலையில் கதிர்க்கட்டுடன், கட்டைப் பிடிக்காமல் இரு கைகளையும் வீசிக்கொண்டு அவர் ஓட்டமும் நடையுமாகக் களத்துமேட்டுக்கு வருவதை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். பனி பெய்து வழுக்கும் வரப்பானாலும் அவர் கால் தவறியதில்லை.

2012-ஆம் ஆண்டு அப்பாவுக்குக் காசநோய் கண்டது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார்கள். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, பசி எடுத்தது. நோய் போய்விட்டது என்று எண்ணி, வெளிமாவட்டத்துச் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போய்விட்டார். மாத்திரை நின்றது. வீட்டில் அரிசி இல்லாத காலம் அது. ஆகவே அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறு ஆண்டே நோய் திரும்பியது. இம்முறை சளியோடு இரத்தமும் வந்தது.

திரும்பி வந்த நோய்க்கு மருந்தும் கடுமையாக இருந்தது. அந்நாளைய மறுசிகிச்சை எட்டு மாதம். முதல் இரண்டு மாதங்களில் மாத்திரைகளோடு, வாரம் மூன்று முறை ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் ஊசி. மொத்தம் 24 ஊசிகள். அம்மா ஓர் ஊசியும் தவறாமல் அவரை அழைத்துப் போனார். சென்ற முறை போல் பாதியில் நின்றுவிடக் கூடாதே என்ற அச்சம் அவருக்கு.

ஊசிகள் முடியும் தறுவாயில் அப்பா, "காலு தரையில பாவல. பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கு" என்று சொன்னார். நோயின் பலவீனம் என்று எல்லோரும் நினைத்தோம். எட்டு மாதம் முடிந்தது. நோய் முற்றிலும் தீர்ந்தது. உடம்பில் சதை பிடித்தது. முகத்தில் களை வந்தது. நடை மட்டும் திரும்பி வரவில்லை.

பகலில், கெட்டியான தரையில் அவர் நடப்பதைப் பார்த்தால் பெரிய குறை எதுவும் தெரியாது. கால்களைச் சற்று அகல வைத்து, தலையை அசைக்காமல், பார்வையைத் தரையில் பதித்து நடப்பார். பொழுது சாய்ந்துவிட்டால் வேறு மனிதராகிவிடுவார். தெருவின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குச் சாய்வார். பின்னாலிருந்து யாரேனும் கூப்பிட்டுத் திரும்பினால் தள்ளாடுவார். காலையில் முகம் கழுவக் கண்ணை மூடும்போது கிணற்றடிச் சுவரைப் பிடித்துக்கொள்வார். எதிரே வரும் உறவினரைக் கண்டும் பேசாமல் போவார். "உடம்பு தேறினதும் தலைக்கனம் வந்துடுச்சு" என்று அவர்கள் வருத்தப்பட்டார்கள்.

மாலை நேரத்தில் தெருவில் தள்ளாடி வரும் ஒரு கூலியாளைப் பற்றி ஊர் என்ன முடிவுக்கு வரும்? அந்த முடிவுக்குத்தான் எங்கள் ஊரும் வந்தது. அவர் மெதுவாக நடக்கும்போது தள்ளாடுவார். சற்று விரைந்து நடந்தால் நடை நேராகிவிடும். அதையும் அவருக்கு எதிரான சாட்சியாகவே எடுத்துக்கொண்டார்கள். "வேகமா போறப்ப நல்லாத்தானே போறான்? நம்மளக் கண்டாத்தான் ஆட்டம்" என்று டீக்கடையில் பேசிச் சிரித்தார்கள். கட்டுத் தூக்கும் வேலைக்கு அவரைக் கூப்பிடுவது நின்றது. நாற்று நடவும் களையெடுப்புமாக அம்மாவின் கூலியில் வீடு நடந்தது.

அம்மா அவரிடம் எதுவும் கேட்டதில்லை. சோற்றுத் தட்டை வைக்கும் சாக்கில் குனிந்து அப்பாவின் மூச்சை முகர்ந்து பார்ப்பார். வாடை எதுவும் இருக்காது. ஆனாலும் மறுநாளும் முகர்வார். அம்மா முகர்கிறார் என்பது அப்பாவுக்கும் தெரியும். அவர் தலையைத் தூக்காமல் சாப்பிடுவார்.

நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது பள்ளி ஆண்டு விழாவில் எனக்குப் பரிசு கொடுத்தார்கள். விழா முடியும்போது இருட்டிவிட்டது. நான் நண்பர்களோடு வாசலில் நின்றிருந்தேன். மைதானத்து மணலில் ஒருவர் இப்படியும் அப்படியுமாகச் சாய்ந்து வந்தார். "யாரோ ஊத்திக்கிட்டு வர்றாரு பாருடா" என்றான் ஒருவன். வருவது யார் என்பது நடையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் பேசாமல் இருந்தேன். அப்பா அருகில் வந்து, நின்று, முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து என்னைத் தேடினார். நான் நண்பனின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். எல்லோரும் போன பிறகே அவரோடு வீட்டுக்கு நடந்தேன். அதுவும் பத்தடி முன்னால். கையில் பரிசுக் கோப்பை இருந்தது. அவர் அதைக் கேட்கவும் இல்லை. நான் காட்டவும் இல்லை.

அதற்கடுத்த ஆண்டு ஆடிப்பெருக்கன்று இன்னொன்று நடந்தது. ஆற்றில் இடுப்பளவு நீர்தான். எல்லோரையும் போல் அப்பாவும் கண்ணை மூடி மூழ்கினார். எழவில்லை. நீருக்குள் கைகளும் கால்களும் புரண்டன. மாமா பாய்ந்து அவர் முடியைப் பற்றி மேலே இழுத்தார். கரையில் உட்கார்ந்து நீரைக் கக்கியபின் அப்பா சொன்னது ஒரே வாக்கியம்: "மேல எது, கீழ எதுன்னு தெரியல." கரையில் நின்ற ஒருவர், "ஆடிப்பெருக்கு அன்னைக்குமா குடிக்கிறது?" என்றார். நான் அதை மறுத்துப் பேசவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இவ்வாண்டு ஜூலை மாதத்தில் ஒருநாள் எங்கள் விலங்கியல் பேராசிரியர் புலனுறுப்புகள் பற்றிப் பாடம் நடத்தினார். உட்செவியின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து பாகங்களைக் குறித்துவிட்டு, பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு செய்தியைப் போகிற போக்கில் சொன்னார்: "இரு செவிகளிலும் இந்தப் பகுதி பழுதுபட்டவர் வெளிச்சத்தில் நடப்பார், இருட்டில் விழுவார். கண்ணை மூடிக்கொண்டு நீரில் மூழ்கினால் மேல் எது, கீழ் எது என்று அவருக்குத் தெரியாது."

அதன்பிறகு அந்த வகுப்பில் அவர் கூறிய எதுவும் என் செவியில் ஏறவில்லை.

அன்று அவர் வரைந்த படத்தை இன்று என்னால் கண்ணை மூடிக்கொண்டு வரைய முடியும். நம் உட்செவி, மண்டையோட்டின் மிகவும் கெட்டியான எலும்புக்குள் பொதிந்து வைக்கப்பட்டுள்ளது. நத்தைக்கூடு போல் சுருண்டிருக்கும் காக்ளியா ஒலியை உணரும் பகுதி. அதனை ஒட்டியே மூன்று அரைவட்டக் குழல்களும், யூட்ரிக்குலஸ், சாக்குலஸ் என்னும் இரண்டு சிறு பைகளும் உள்ளன. இந்த ஐந்துக்கும் கேட்டலோடு தொடர்பில்லை. தலையின் அசைவையும் சாய்வையும் கவனித்து மூளைக்குச் சொல்வதே இவற்றின் வேலை.

மூன்று குழல்களும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கின்றன. ஓர் அறையின் மூலையில் தரையும் இரு சுவர்களும் கூடுவது போல. அவற்றினுள் நிணநீர் நிரம்பியிருக்கிறது. நீர் நிறைந்த சருவத்தில் ஒரு துரும்பைப் போட்டுச் சருவத்தைச் சட்டென்று திருப்பிப் பாருங்கள். சருவம் திரும்பும், நீரும் துரும்பும் நின்ற இடத்திலேயே நிற்கும். தலையைத் திருப்பும்போது குழலுக்குள்ளும் இதுவே நிகழ்கிறது. பின்தங்கிய நீர், குழலின் அடியில் கூழ் போலுள்ள ஒரு திரையை வளைக்கிறது. திரைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நுண்மயிர்கள் சாய்கின்றன. மயிர்ச் செல்களிலிருந்து செய்தி நரம்பின் வழியே மூளைத்தண்டுக்கும் சிறுமூளைக்கும் செல்கிறது. இரு பைகளிலும் கால்சியம் கார்பனேட்டாலான மிக நுண்ணிய கற்கள் உள்ளன. தலை சாய்ந்தால் கற்களின் எடை மயிர்களை இழுக்கிறது. பூமி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை நாம் கண்ணை மூடிக்கொண்டும் அறிவது இதனால்தான். அன்று ஆற்றில் அப்பாவுக்கு இல்லாமற்போனது இந்த அறிவே.

இந்த உண்மையை மனிதன் கண்டுகொள்ள நெடுங்காலம் ஆயிற்று. 1820-களில் பிரெஞ்சு உடலியலறிஞர் ஃபுளூரன்ஸ் புறாக்களின் அரைவட்டக் குழல்களை வெட்டிப் பார்த்தார். அவற்றுக்குக் காது கேட்டது; ஆனால் நேராக நிற்கவும் பறக்கவும் இயலாமல் தடுமாறின. 1861-இல் பாரிஸ் நகர மருத்துவர் மெனியே, மூளை நோய் என்று கருதப்பட்ட தலைசுற்றல் பலருக்கும் செவியிலிருந்தே எழக்கூடும் என்று எடுத்துக்காட்டினார். வியன்னா நகர மருத்துவர் ராபர்ட் பாராணி, காதில் வெந்நீரும் தண்ணீரும் செலுத்தும்போது நோயாளிகளின் விழிகள் ஒரு பக்கமாகத் துடிப்பதைக் கவனித்து, அதைக்கொண்டே உட்செவியைச் சோதிக்கும் முறையை வகுத்தார். அதற்காக 1914-ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. பரிசுச் செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார்.

சரி, செவிக்கும் நடைக்கும் உள்ள தொடர்பு என்ன? நாம் விழாமல் நிற்பதற்கும் நடப்பதற்கும் மூளை மூன்று சாட்சிகளைக் கேட்கிறது. ஒன்று கண். மற்றொன்று பாதங்களும் தசைகளும் மூட்டுகளும் அனுப்பும் செய்தி. மூன்றாவது உட்செவி. மூன்றில் ஒன்று போனாலும் மற்ற இரண்டைக் கொண்டு மூளை ஒருவாறு சமாளித்துவிடும். அப்பாவிடம் செவிச் சாட்சி போய்விட்டது. பகலில், கெட்டித் தரையில், மற்ற இரண்டும் அவரைத் தாங்கின. இருட்டில் கண்ணும் போயிற்று. மணலிலும் சேற்று வரப்பிலும் பாதம் தரும் செய்தியை நம்ப முடியாது. இருட்டிய பிறகு வரப்பில் நடக்கும்போது மூன்றில் ஒன்றும் மிச்சமில்லை. எங்கள் பள்ளி மைதானத்து மணலில், இரவில், என்னைத் தேடி அவர் நடந்து வந்தது அத்தகைய நடைதான்.

உறவினரைக் கண்டும் பேசாமல் போனதற்குக் காரணம் உண்டு. வாசகர்களே, இந்தப் பக்கத்தைக் கையில் அசையாமல் பிடித்துக்கொண்டு தலையை இடமும் வலமும் விரைவாக ஆட்டிப் பாருங்கள். எழுத்து ஓரளவு தெளிவாகவே தெரியும். இப்போது தலையை அசைக்காமல் மலரை அதே வேகத்தில் ஆட்டுங்கள். எழுத்துகள் கலங்கிவிடும். தலை ஒரு பக்கம் அசைந்தால், அதே அளவுக்கு விழிகளை எதிர்ப்பக்கம் திருப்பும்படி உட்செவி செய்துவிடுகிறது. இது நூறில் ஒரு பங்கு வினாடிக்குள் நடந்துவிடும். நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் தலை மேலும் கீழும் குலுங்குகிறது. ஆயினும் உலகம் நமக்குக் குலுங்குவதில்லை. செவி பழுதுபட்டவருக்கோ அடிக்கு அடி உலகமே குலுங்கும். எதிரே வருபவரின் முகம் கலங்கும். அப்பா அன்று என் நண்பர்கள் முன் வந்து நின்றுவிட்டு முகங்களைப் பார்த்தது ஏன் என்று இப்போது விளங்குகிறது. நின்றால்தான் அவருக்கு முகம் தெரியும்.

விரைந்து நடந்தால் நடை நேராவதும் நடிப்பு அன்று. இத்தகையோர் மெதுவாக நடக்கும்போது அதிகமாகவும், வேகமாக நடக்கும்போது குறைவாகவும் தடுமாறுவதை ஆய்வாளர்கள் அளந்தே கண்டிருக்கின்றனர். நடை வேகமெடுத்துவிட்டால், கால் மாற்றிக் கால் வைக்கும் வேலையை நரம்பு மண்டலம் தன் பழக்கத்தாலேயே நடத்திச் செல்கிறது. செவியை அவ்வளவாகக் கேட்பதில்லை என்பது அதற்கு அவர்கள் தரும் விளக்கம்.

வகுப்பு முடிந்ததும் பேராசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்பாவுக்குத் தலை சுற்றுமா?" என்றார். இல்லை என்றேன். "காது?" நன்றாகக் கேட்கும் என்றேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "எப்போதாவது தொடர்ந்து ஊசி போட்டுக்கொண்டாரா?" என்று கேட்டார். நான் அந்த 24 ஊசிகளைச் சொன்னேன். அவர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அப்பாவை அழைத்துப் போகச் சொன்னார்.

"எனக்குக் காதுல என்னடா இருக்கு? நல்லாத்தானே கேக்குது" என்று சொல்லிக்கொண்டேதான் அப்பா வந்தார். மருத்துவர் இளவயதுப் பெண்மணி. அப்பாவின் எதிரில் அமர்ந்து, "என் மூக்கையே பாருங்கய்யா" என்று சொல்லி, அவர் தலையை இரு கைகளாலும் பற்றிச் சட்டென்று ஒரு பக்கம் சிறிதளவு திருப்பினார். நல்ல செவியுடையவரின் விழிகள் மூக்கிலேயே நிலைத்து நிற்கும். அப்பாவின் விழிகள் தலையோடு சேர்ந்து போய், பிறகு ஒரு துள்ளலில் மூக்குக்குத் திரும்பி வந்தன. மறுபக்கம் திருப்பியபோதும் அப்படியே. எந்தக் கருவியும் வேண்டாத இந்தச் சோதனையை 1988-இல் சிட்னி நகர ஆய்வாளர்கள் ஹல்மாகியும் கர்தாய்சும் விளக்கி எழுதினார்கள் என்று பிறகு படித்தேன். அடுத்து, தடித்த நுரை மெத்தை மேல் நிற்கச் சொல்லிக் கண்ணை மூடச் சொன்னார். அப்பா சாய்ந்தார், நானும் ஊழியர் ஒருவரும் தாங்கிக்கொண்டோம். பின்னர் 30 பாகையிலும் 44 பாகையிலும் நீரைக் காதில் செலுத்தினார்கள். பாராணி காட்டிய வழி. நமக்கென்றால் உலகம் சுழலும்; விழிகள் துடிக்கும். அப்பாவோ, "தண்ணி வெதுவெதுன்னு இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு அமைதியாகப் படுத்திருந்தார்.

மருத்துவர் எங்களுக்கு விளங்கும்படி எடுத்துச் சொன்னார். ஸ்ட்ரெப்டோமைசின் சிலருக்கு உட்செவியின் மயிர்ச் செல்களைக் கொன்றுவிடும். இம்மருந்து கேட்கும் பகுதியைக் காட்டிலும் சமநிலைப் பகுதியையே பெரிதும் தாக்குவது. ஆகவே காது கேட்கும். காதில் கோளாறு என்று எவருக்கும் தோன்றாது. ஒரு செவி மட்டும் பழுதானால் இரு செவிகளின் செய்திகளும் முரண்பட்டுத் தலை சுற்றும். இரண்டும் ஒருசேரப் பழுதானால் முரண்பாடும் இல்லை, சுற்றலும் இல்லை. தலைசுற்றல் இல்லை என்றால் எல்லோரும் வேறு காரணம் தேடுவார்கள். பறவைகளுக்கு இந்தச் செல்கள் இறந்தாலும் மீண்டும் முளைக்கும். மனிதருக்கு அப்படித் திரும்பி வருவதில்லை.

எனக்கு அந்த ஊசி மேல் கோபம் வந்தது. ஆனால் அதன் வரலாற்றைப் படித்தபோது கோபம் நிற்கவில்லை. ஸ்ட்ரெப்டோமைசின், 1943-இல் அமெரிக்காவில் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்னும் இளம் ஆராய்ச்சி மாணவர் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுத்த மருந்து. காசநோயை வென்ற முதல் நுண்ணுயிர்க்கொல்லி அதுவே. 1952-இல் வாக்ஸ்மனுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அதுவரை நுரையீரல் உருகிச் செத்துக்கொண்டிருந்த எண்ணற்றோர் அதனால் பிழைத்தனர். என் அப்பாவும் அவர்களில் ஒருவர். அது சமநிலையைக் கெடுக்கும் என்பதையும் மருத்துவர்கள் தொடக்கத்திலேயே கண்டுகொண்டனர். 1948-இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வறிக்கையிலேயே அது பதிவாகியிருக்கிறது. 2017-இல் உலக சுகாதார நிறுவனம், அந்த ஊசி அடங்கிய பழைய மறுசிகிச்சை முறையை இனிப் பின்பற்ற வேண்டாம் என்று அறிவுறுத்தியது. நம் நாட்டிலும் அம்முறை கைவிடப்பட்டது. அப்பா நான்கைந்து ஆண்டு முந்திவிட்டார்.

1952-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில், தம் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் இட்டு ஒரு மருத்துவர் எழுதிய கட்டுரை உண்டு. முழங்காலில் வந்த காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் போட்டுக்கொண்டு சமநிலையை இழந்தவர் அவர். படுக்கையில் அமர்ந்து படிக்க, இதயத் துடிப்பால் தலை அசைவதுகூட இடையூறானதால், கட்டிலின் கம்பிகளுக்கிடையே தலையை இறுக வைத்துக்கொண்டதாக எழுதியிருக்கிறார். தெருவில் பெயர்ப்பலகையைப் படிக்க நின்றாக வேண்டியிருந்ததையும் எழுதியிருக்கிறார். படித்த மருத்துவருக்கு நேர்ந்தால் அது கட்டுரையாகிறது. என் அப்பாவுக்கு நேர்ந்தபோது அது குடிப்பழக்கம் என்று பெயர் பெற்றது.

புறப்படும்போது அப்பா தயங்கி நின்று, "அம்மா, இதத் தமிழ்ல எழுதித் தருவீங்களா?" என்று மருத்துவரைக் கேட்டார். எதற்கென்று அவர் கேட்கவில்லை. "இவருக்கு இரு செவிகளிலும் சமநிலை உறுப்பு பழுதுபட்டுள்ளது. தள்ளாட்டத்துக்குக் காரணம் அதுவே" என்று எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். பேருந்து நிலையத்தில் அப்பா அதை எடுத்து, எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தார். பிறகு சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வீட்டுக்குப் போனதும் உங்க அம்மாவுக்கு நீயே படிச்சுக் காட்டு தம்பி. சத்தமாப் படி" என்றார்.

அன்றிரவு நான் சத்தமாகத்தான் படித்தேன். அம்மா எதுவும் பேசவில்லை. அடுக்களைக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. சோறு போட வந்தபோது குனியவில்லை. தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, அப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளி ஆண்டு விழா இரவைப் பற்றி அப்பாவிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "எனக்கே எம்மேல சந்தேகமாத்தான் இருந்துச்சு. நீ சின்னப் பிள்ளை, உனக்கென்ன தெரியும்?" என்றார். அந்தப் பரிசுக் கோப்பையை எடுத்து வரச் சொல்லி, அதில் எழுதியிருந்த என் பெயரைப் படித்தார்.

இறந்த செல்களுக்கு மருந்து இல்லை. ஆனால் மற்ற இரு சாட்சிகளையும் கூர்மையாக்கப் பயிற்சி உண்டு. 1940-களில் இங்கிலாந்தில் காவ்தோர்ன், குக்ஸி என்னும் இரு மருத்துவர்கள், தலையில் அடிபட்ட போர்வீரர்களுக்காக வகுத்த பயிற்சிகளின் வழிவந்தவை அவை. கட்டைவிரலைப் பார்த்தபடி தலையை அசைப்பது, பந்தைக் கைக்குக் கை மாற்றிப் போடுவது, சாய்வான இடத்தில் ஏறி இறங்குவது என்று எளியவையே. நாள்தோறும் மாலையில் நானும் அப்பாவும் வாசலில் செய்கிறோம். பந்துக்குப் பதில் எலுமிச்சம்பழம். தம்பி, தங்கையும் வேடிக்கையாகச் சேர்ந்துகொள்கிறார்கள். ஐந்து மாதத்தில், பகலில் வரப்பின் மேல் கோலில்லாமல் நடக்கிறார். இருட்டில் டார்ச் விளக்கும் கைத்தடியும் வேண்டும். ஆற்றில் தலை முழுகுவதில்லை. படியில் அமர்ந்து செம்பால் மொண்டு ஊற்றிக்கொள்கிறார். கதிர்க்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடிய அந்த நடை இனித் திரும்பாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்து என்ன கண்டாய் என்று ஊரில் சிலர் கேட்பதுண்டு. வேலை கிடைக்குமா, கிடைக்காதா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு நல்ல மனிதர் மேல் பத்தாண்டுக்கு மேலாகப் படிந்திருந்த பழியை, கரும்பலகையில் வரைந்த ஒரு படம் துடைத்தெறிந்தது. அந்தப் படத்தின் முன் உட்கார எனக்கு இடம் கிடைத்ததே, அது போதாதா?

நண்பர்களே! உங்கள் ஊரிலும் யாரேனும் மாலையில் தள்ளாடி நடக்கலாம். அவர் குடித்திருக்கவும் கூடும், குடிக்காமலிருக்கவும் கூடும். எள்ளி நகையாடுவதற்கு முன், பகலில் எப்படி நடக்கிறார், இருட்டில் எப்படி நடக்கிறார், முகம் கழுவும்போது சுவரைப் பிடிக்கிறாரா, முன்னொரு நாள் நெடுநாள் ஊசி போட்டுக்கொண்டாரா என்று கேட்டுப் பாருங்கள். எதுவும் கேட்கத் தோன்றாவிட்டால், அருகில் சென்று கையை நீட்டுங்கள். இப்போதெல்லாம் இரவில் அப்பாவோடு வெளியே போனால் நான் முன்னால் நடப்பதில்லை. அவர் பக்கத்தில், தோள் உரச, அவர் அடிக்கு அடி வைத்து நடக்கிறேன்.